எண்பத்தெட்டும் இருநூத்திப் பதிமூணும்

எண்பத்தெட்டைக் காணோம், இருநூத்திப் பதிமூணு காலியா இருக்கு. அதானே சார்? எனக்குத் தெரியும். காலையில இருந்து அந்தப் பட்டியல வச்சுக்கிட்டு ஒவ்வொரு கேசட்டா டிக் அடிச்சுக்கிட்டே வந்திய, திடீர்னு ஒங்க மூஞ்சி கோணிச்சு பாருங்க, அப்பவே நெனச்சேன், மனுசன் பிடிச்சுட்டாருன்னு. உக்காருங்க. ஐயையோ, அந்தப் பெட்டி மேல வேண்டாம், அதுக்குள்ள இருக்கது பூராவும் தாலாட்டு. இந்தா, இந்த நாக்காலியில உக்காருங்க. காப்பி இப்ப வந்துரும்.

இந்தக் கேசட்டு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, காலாகாலத்துக்கும் அழியாம வைக்கப் போறோம்னு கடுதாசி போட்டிருந்திய. படிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிட்டு. நெசமாத்தான். சென்னையில இருந்து இதுக்குன்னே வந்திருக்கிய, ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன். காணாமப் போனதும் காலியாக் கெடக்கதும் ரெண்டு கதை இல்ல சார், ஒரே கதைதான். கேட்டுட்டு ஒங்க பட்டியல்ல என்ன எழுதணுமோ எழுதிக்கிடுங்க. நான் பொய் சொல்லி வழக்கமில்ல. இன்சூரன்ஸ் ஏஜெண்டு இதச் சொன்னா யாரும் நம்ப மாட்டாவ, அது வேற விசயம்.

ஆமா, முப்பத்தொரு வருசம் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. ஆயுள் இன்சூரன்ஸ். வீடு வீடாப் போயி, வயசு என்ன, சுகர் உண்டா, அப்பா எத்தன வயசுல போனாரு, அம்மா எதுல போனாவன்னு கேட்டு எழுதுற வேல. ஒரு நாளு வேதமாணிக்கம் சார்கிட்ட பாலிசி பேசப் போனேன். காலேஜ் புரொபசரு, நாட்டுப்புறப் பாட்டுல ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தாரு. அவரு பாலிசி எடுக்கல, என்னை எடுத்துட்டாரு. “உலகநாதா, ஒனக்கு எல்லா வீட்டு நடையும் தெரியும். எல்லாப் பொம்பளையளும் ஒன்கிட்ட அவுக வீட்டுச் சாவப் பத்திப் பேசுதாவ. நீ எனக்கு ஒப்பாரி எடுத்துக் குடு”ன்னு ஒரு டேப் ரெக்கார்டரத் தூக்கிக் கையில குடுத்தாரு. அன்னைக்குப் பிடிச்ச சனியன். சனியன்னு சொல்லக் கூடாது, பாக்கியம். பாலிசிக்குப் பாலிசி, ஒப்பாரிக்கு ஒப்பாரி. அதான் எனக்குக் கல்யாணமே ஆகல. ஆயுள் காப்பீடும் ஒப்பாரியுமா அலையுறவனுக்கு எவன் சார் பொண்ணு குடுப்பான்?

வேதமாணிக்கம் சார் எனக்கு மூணே மூணு சட்டந்தான் சொல்லிக்குடுத்தாரு. லேபிள முதல்லயே எழுதிரணும், பொறவு எழுதலாம்னு விட்டா மறந்துபோவும். பாட்டு ஆரம்பிக்கும்போதுதான் பொத்தான அமுக்கணும், வெட்டிப் பேச்சுக்கு டேப்ப ஓட விடக் கூடாது. எதாவது சத்தம் வந்து ஒரு அடி கெட்டுப்போச்சுன்னா, அந்த அடிய மட்டும் திரும்பப் பாடச் சொல்லிக் கேக்கணும், மரியாதையா. இந்த மூணையும் நான் ஒரு நாளு மீறுனது கிடையாது. என் டேப் பெட்டிய வேற ஆளு தொட விட்டதும் கிடையாது. சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேத்து அமுக்கணும், எவனாவது ஒத்தப் பொத்தான அமுக்கிக் காரியத்தக் கெடுத்துட்டான்னா? அதான், பெட்டிய யாரும் தொடாதியன்னு மொத வேலையாச் சொல்லிருவேன்.

சரி, எண்பத்தெட்டுக்கு வாரேன்.

எண்பத்தெட்டு எங்க அம்மா சார். அம்மா செத்த அன்னைக்கு என் தங்கச்சி பேராச்சி அழுத அழுகை. சீவைகுண்டத்துல கட்டிக்குடுத்திருந்தோம், சேதி கேட்டு மொத பஸ்ஸுல ஓடியாந்தா. வாசல்ல இருந்தே தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, அம்மா மேல விழுந்து எடுத்தா பாருங்க ஒரு ராகம்! எனக்கு மயிரு கூச்செரிஞ்சு போச்சு. எம்புட்டோ ஊர்ல எடுத்திருக்கேன், எங்க வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு தொண்ட இருந்திருக்குன்னு எனக்குத் தெரியாது. பெட்டி பக்கத்துலயேதான் இருந்துது. நான் மகனா நிக்கணுமா, பெட்டிய அமுக்கணுமான்னு யோசிக்கவே இல்ல. அமுக்கிட்டேன். எங்க அம்மாவே எந்திரிச்சு வந்தாலும் “எடுலே”ன்னுதான் சொல்லிருப்பா, அவளுக்கு எம்மேல அம்புட்டுப் பிரியம்.

மொத ரெண்டு அடி சுத்தமா விழுந்துது. மூணாவது அடி பாடும்போது தெருவுல டவுன் பஸ்ஸுக்காரன் பாங்குன்னு ஒரு ஹாரன் அடிச்சான் பாருங்க! அவன் நாசமாப் போவ. அடி முழுசும் அடிபட்டுப் போச்சு. நான் என்ன செஞ்சேன்? பாட்டு முடியட்டும்னு பொறுத்திருந்தேன். முடிஞ்சதும் மெதுவா அவ தோளத் தட்டி, “பேராச்சி, அந்த மூணாவது அடிய மட்டும் இன்னொருக்கா பாடும்மா. பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சுட்டான்”ன்னேன். மரியாதையாத்தான் கேட்டேன். ‘ம்மா’ போட்டுத்தான் கேட்டேன்.

அவ என்னைப் பாத்தா. பொறவு பாடுனா சார்! பாடினாளே! அந்த மூணாவது அடி ரெண்டாவது தடவ மொதத் தடவைய விட நல்லா வந்துது. என்ன ஒரு ஒத்துழைப்புன்னு எனக்கு ஒரே பெருமை. பாடிட்டு எந்திரிச்சு, மூஞ்சியக் கழுவிட்டு, காரியம் முடியுத வரைக்கும் இருந்துட்டு ஊருக்குப் போயிட்டா. அதுக்குப் பொறவு பதினேழு வருசம் என்கூடப் பேசல. நான் அவ வீட்டுக் கதவத் தட்டுனா, தொறந்து பாத்துட்டு மூடுவா. எனக்கு ஒண்ணும் புரியல. சின்ன வயசுலயே அவளுக்குக் கொஞ்சம் முன்கோபந்தான், சரி, சவம் கெடக்கட்டும், அவளுக்கா எப்பத் தோணுதோ அப்பப் பேசட்டும்னு விட்டுட்டேன்.

ஆனா கேசட்டு இருக்கே, அது தங்கம். என் ஸ்கூட்டர் பெட்டிக்குள்ள எப்பமும் அது கெடக்கும். புது ஊருக்குப் போனா, பாட்டுப் பாடப் பொம்பளையள் கூச்சப்படுவாளுவ. எண்பத்தெட்டப் போட்டுக் காட்டுவேன். “பாருங்க, என் கூடப்பொறந்தவளே பாடியிருக்கா, ஒங்களுக்கு என்ன கூச்சம்”பேன். பதினேழு வருசமா எத்தன ஊர்ல போட்டுக் காட்டிருக்கேங்கிய! ஊரு ஊரா என் தங்கச்சி பேரு போயிருக்கு. அவ என்கூடப் பேசலைன்னாலும் நான் அவளுக்கு ஒரு கொறையும் வைக்கல.

இப்ப வடிவு.

சுடலைவடிவு. மேலப்புளியூரணின்னு ஒரு ஊரு, இங்ஙன இருந்து ஒரு மணி நேரம். வடிவு அழுதா பொணமே எந்திரிச்சு மூக்கச் சிந்தும்னு அந்தப் பக்கம் சொல்லுவாவ. வேதமாணிக்கம் சாரு ரிட்டையர் ஆகப்போற வருசம், ஒப்பாரித் தொகுதி ஒண்ணு அச்சுக்குப் போவுது. “உலகநாதா, பங்குனி கடைசிக்குள்ள வடிவு பாட்டக் கொண்டாந்துரு. அது இல்லாம தொகுதி மொட்டையா நிக்கும். கொண்டாந்தா, மொதப் பக்கத்துலயே சேகரித்தவர் சி. உலகநாதன்னு தனியாப் போடுதேன்”ன்னாரு. சார், எனக்குப் பிள்ளையா குட்டியா? என் பேரு ஒரு இடத்துல நிக்கணும்னா அது அந்தப் பக்கத்துலதான். போயி ஸ்கூட்டர உதைச்சேன்.

வடிவுக்கு அப்ப அம்பது வயசு இருக்கும். நல்ல கறுப்பு, வாய் நெறைய வெத்தல. வழக்கம்போல எண்பத்தெட்டப் போட்டுக் காட்டினேன். முழுசையும் கேட்டா. பொறவு, “இந்த அழுத பொம்பள யாரு?”ன்னா.

“என் தங்கச்சி.”

“நடுவுல ஒரு ஆம்பளக் கொரல் கேக்கே? இன்னொருக்கா பாடுங்கு?”

“அது நாந்தான்”னேன், சிரிச்சுக்கிட்டே.

அவ சிரிக்கல. எச்சியத் துப்பிட்டு வந்து, “அண்ணாச்சி, உசுருள்ள வீட்டுல ஒப்பாரி பாடுனா அந்த வீட்டுக்கு ஆகாது. சாவு விழுந்தா சொல்லி அனுப்புதேன், வாங்க. பொணம் இல்லாம எனக்கு வாயில பாட்டு வராது”ன்னுட்டா. எல்லாப் பொம்பளையும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாளுவ, கொஞ்சம் கெஞ்சுனா பாடிருவாளுவ. இவ மசியல. நானும் எண்பத்தெட்ட ரெண்டாவது தடவ போட்டுக் காட்டினேன். எந்திரிச்சு உள்ள போயிட்டா.

சரி, காத்திருப்போம்னா, அவ ஊர்ல சாவு விழுந்து எனக்குச் சேதி வந்து நான் போயிச் சேருததுக்குள்ள தூக்கிருதானுவ. ரெண்டு தடவ அப்படி ஆச்சு. அதுனால நான் என்ன செஞ்சேன், என் தொழில் மூளையக் கொஞ்சம் ஓட விட்டேன். அந்த ஊர்ல யாருக்கு என்ன சீக்குன்னு நான் எழுதுன இன்சூரன்ஸ் பாரத்துலதான் இருக்கே! ஆவுடையப்பன்னு ஒரு பெரியவரு, எண்பத்து மூணு வயசு, மூணு மாசமாப் படுக்கை. நல்ல பிரஷரு. அவருக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கிட்டு வாராவாரம் பாக்கப் போனேன். பாசமாத்தான் சார்! பக்கத்துல உக்காந்து, எப்படி இருக்கிய, மூச்சு எப்படி இருக்கு, கஞ்சி எறங்குதான்னு கேப்பேன். பெத்த பிள்ளை கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டான். என்ன ஆச்சுங்கிய? ஆரஞ்சு சாப்பிட்டுச் சாப்பிட்டு மனுசன் எந்திரிச்சு உக்காந்துட்டாரு! மறுவாரம் பாத்தா ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போறாரு. நல்லதுதான். நல்லதுதான்னு வையிங்க. ஆனா எனக்கு மாசி பூராவும் வீணாப் போச்சு.

அவரு மகன், நன்றி கெட்ட பய, “எங்கய்யா எப்பச் சாவாருன்னு பாக்க வாரியளோ?”ன்னு ஸ்கூட்டர் சாவியப் பிடுங்கிக் கெணத்துல போட வந்தான். ஆனா ஊர்ல மத்தவுகளுக்கு எம்மேல நல்ல மரியாத. என் வண்டிச் சத்தம் கேட்டாலே, கட்டில்ல கெடக்க வயசாளிய எல்லாம் எந்திரிச்சு உக்காந்து, “நான் நல்லாத்தான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன்”பாவ.

பங்குனி பாதி போச்சு. வேதமாணிக்கம் சார் தெனமும் போன் போடுதாரு. எனக்குச் சோறு எறங்கல. கடைசியா ஒரு நாளு, வடிவு நூறு நாள் வேலையில இருக்கான்னு கேள்விப்பட்டுக் குளத்துக்கே போயிட்டேன். பத்து இருவது பொம்பளையள், மண்ணு வெட்டிட்டு, மத்தியானக் கஞ்சியக் குடிச்சுட்டு, கரையில வேப்ப மரத்தடியில இருக்காளுவ. நான் போயி வடிவு முன்னால நின்னேன்.

“வடிவு, பொணம் இருந்தாப் போதும்லா?”

“போதும்.”

“அது செத்த பொணமாத்தான் இருக்கணுமா?”

எல்லாரும் கெக்கெக்கென்னு சிரிச்சாளுவ. வடிவு யோசிச்சா. நெசமாவே யோசிச்சா சார், வக்கீலு மாதிரி. “படுத்துக் கெடக்கணும். அசையக் கூடாது. பதில் பேசக் கூடாது. அம்புட்டுத்தான். உசுரு இருக்கா இல்லையாங்கது ஒம்ம பாடு”ன்னா.

“அப்ப நான் படுக்கேன்”னேன்.

எல்லாரும் எந்திரிச்சு வந்து சூழ்ந்துக்கிட்டாளுவ. பொறவு முத்துக்கனின்னு ஒருத்தி, கெட்டிக்காரி, “வீட்டுல வச்சாத்தான ஆகாது? குளத்துக்கரைக்கு என்ன? படும்யா!”ன்னு சாக்க விரிச்சுட்டா. நான் பெட்டிய எடுத்து வலது கைக்குப் பக்கத்துல வச்சேன். புது கேசட்டு. லேபிள் எழுதினேன்: இருநூத்திப் பதிமூணு, சுடலைவடிவு, ஒப்பாரி, குளத்துக்கரை. வழக்கம்போல, “பெட்டிய யாரும் தொடாதிய. பாட்டு ஆரம்பிச்சதும் நானே அமுக்கிக்கிடுவேன். இன்னொண்ணு, ஆரம்பிச்சா என்ன நடந்தாலும் நடுவுல நிறுத்தக் கூடாது”ன்னேன். வடிவு தலைய ஆட்டுனா. தெக்க தல வச்சுப் படுத்தேன்.

அவ சும்மா ஆரம்பிக்கல. “அண்ணாச்சி, என்ன முறை வச்சு அழட்டும்? முறை இல்லாம அழ முடியாது. அப்பான்னு அழ ஒமக்கு வயசு காணாது. புருசன்னு அழுதா எங்க வீட்டு மனுசன் அருவாளோட வந்துருவாரு. அண்ணன்னுதான் அழணும். ஒமக்குத் தங்கச்சி உண்டும்லா?”

“உண்டு. பேராச்சி. அதான் கேசட்டுல கேட்டியே.”

“வந்து போக உண்டா?”

“இல்ல.”

“எத்தன வருசம்?”

“பதினேழு.”

“அப்பம், நீரு செத்தா வருவாளா?”

சார், அத்தன வருசமா ஊராரு வீட்டுச் சாவப் பத்தி நாந்தான் கேள்வி கேட்டிருக்கேன். என்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்ல. பதில் சொல்ல வாயத் தொறந்தேன். வருவாளா, மாட்டாளான்னு எனக்கே தெரியல. அந்த நேரம் பாத்து முத்துக்கனி ஒரு துண்ட எடுத்து நாடிக்கட்டு கட்டிட்டா. தாடைக்கு அடியில குடுத்து உச்சந்தலையில ஒரே முடிச்சு. வாய் அடைச்சுப் போச்சு. இன்னொருத்தி கால் பெருவிரலு ரெண்டையும் சேத்துக் கட்டிட்டா. இன்னொருத்தி ரெண்டு கையையும் நெஞ்சு மேல வச்சு, கட்ட விரலு ரெண்டையும் சேத்துக் கட்டிட்டா. நெத்தியில ஒத்த ரூவா. ஆவாரம்பூவ ஒடிச்சு மாலையாச் சுத்திக் கழுத்துல போட்டாளுவ. எல்லாம் முறைப்படி. ஒரு கொறை சொல்ல முடியாது.

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. பெட்டிய அமுக்கணுமே!

வடிவு என் தலைமாட்டுல உக்காந்து, முந்தானையத் தலையில போட்டு, “அண்ணா...”ன்னு மெதுவா எடுத்தா. நான் “ம்ம்ம்! ம்ம்ம்!”ங்கேன். கையத் தூக்கப் பாக்கேன், முடியல. கண்ணால பெட்டியக் காட்டுதேன். ஒருத்தி, “ஏளா, பொணம் முழிக்குது!”ன்னா. எல்லாரும் சிரிக்காளுவ. முத்துக்கனிக்குக் கொஞ்சம் வெளங்கிட்டு போல, பெட்டியத் தொடக் கைய நீட்டினா. வடிவு பாட்டோட பாட்டா அவ கையில ஒரு அடி போட்டா. தொடக் கூடாதுன்னு நாந்தான சொல்லிருந்தேன்! நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு நாந்தான சொல்லிருந்தேன்! ரெண்டையும் அச்சுப் பெசகாமச் செஞ்சா. எங்கிருந்தோ ஒரு வெள்ளாடு வேற வந்து என் கழுத்துல கெடந்த மாலைய மேயுது. நெஞ்சுக்குள்ள கெடந்து துடிக்கேன். அறுபது மைல் சுத்து வட்டாரத்துல முதல் தரமான ஒப்பாரி காத்துல போவுது, நான் கட்டையாக் கெடக்கேன்.

அப்படியே ஒரு பத்து அடி போயிருக்கும். பொறவு, என்ன செய்ய, வேற வழியில்லாமக் கேக்க ஆரம்பிச்சேன்.

அவ பேராச்சியாப் பாடுனா சார். வடிவு கொரல் இல்ல அது. என் தங்கச்சி பதினேழு வருசமா என்கிட்டச் சொல்லாதது எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டா. பஸ்ஸுல வரும்போது சன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு வந்தது. வாசல்ல அண்ணன் நிப்பான், அவனக் கட்டிக்கிட்டு அழலாம்னு வந்தது. அவன் கையில பெட்டி இருந்தது. ஊரு ஊரா ஒப்பாரி கேட்டவன் ஒரு நாளாவது கூட அழுதானான்னு ஒரு அடி. அப்புறம், “மூணாம் அடி கேட்டவனே, அண்ணா, மொகத்தப் பாக்க மறந்தியேடா”ன்னு...

ச்சே! சொல்லிட்டேன் பாருங்க. உசுருள்ள வீடு. அடிய வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

மல்லாக்கப் படுத்துக்கிட்டு அழுதா கண்ணீரு நேரா காதுக்குள்ள போவும் சார். இது பொணத்துக்கு மட்டுந்தான் தெரியும். எங்க அம்மா செத்த அன்னைக்கு நான் அழல. எனக்கு அது அப்பத்தான் ஞாபகம் வந்துது. பெட்டியப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன், டேப் சுத்துதான்னு. பதினேழு வருசம் கழிச்சு, ஒரு குளத்துக்கரையில, வாயக் கட்டிக்கிட்டு, எங்க அம்மாவுக்காக அழுதேன். சிரிச்சுக்கிட்டிருந்த பொம்பளையள் ஒவ்வொருத்தியா ஒருத்தி தோளு மேல ஒருத்தி கையப் போட்டுக் கூட அழ ஆரம்பிச்சாளுவ. ஆடு மட்டும் மாலையத் தின்னுக்கிட்டே இருந்துது.

முடிஞ்சுது. முத்துக்கனி கட்டெல்லாத்தையும் அவுத்தா. நான் எந்திரிச்சு உக்காந்தேன். மொதல்ல பெட்டியப் பாத்தேன், வழக்கம். டேப்பு ஒரு சுத்து கூடச் சுத்தல. வாயத் தொறந்தேன். “வடிவு...”ன்னேன்.

அவ மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு என்னையப் பாத்தா. எல்லாப் பொம்பளையளும் என்னையப் பாக்காளுவ. நான் என்ன கேக்கப் போறேன்னு அவளுவளுக்குத் தெரியும். வடிவு அந்த எண்பத்தெட்டக் கேட்டவல்லா. “கேக்கணும்னாக் கேளும் அண்ணாச்சி. பாடுதேன்”ன்னா.

பாடிருப்பா சார். கண்டிப்பாப் பாடிருப்பா. ரெண்டாவது தடவ இன்னும் நல்லாக் கூட வந்திருக்கும். பங்குனி முடிய ஒம்பது நாளுதான் இருந்துது. பொத்தானு ஒரு சாண் தூரத்துல இருக்கு. மொதப் பக்கத்துல என் பேரு.

“குடிக்கத் தண்ணி குடு”ன்னேன்.

அம்புட்டுத்தான் கேட்டேன். தண்ணியக் குடிச்சுட்டு, பெட்டியப் பைக்குள்ள போட்டுட்டு, ஸ்கூட்டர எடுத்தேன். தொகுதி வந்துது, வடிவு இல்லாம. கடைசிப் பக்கத்துல, உதவியவர்கள்னு நாப்பது பேரு போட்டிருக்கு, அதுல முப்பத்தேழாவதா நான் இருக்கேன். பேர்ல ஒரு எழுத்து வேற விட்டுட்டானுவ. போவட்டும்.

நேரா சீவைகுண்டந்தான் போனேன். வழியில டீக்கடையில எல்லாரும் என்னையவே பாக்கானுவ, எனக்கு ஏன்னு தெரியல. பேராச்சி வீட்டுக் கதவத் தட்டினேன். தொறந்தா. மூடப் போனா. மூடாம நின்னா. நாடித்துண்டு கழுத்துல கெடக்கு, ஆடு தின்ன மிச்ச மாலை கெடக்கு, நெத்தியில அந்த ஒத்த ரூவா ஒட்டுன தடம் வேற. அவ கண்ணு விரிஞ்சு போச்சு.

“யாரு செத்தா?”ன்னா.

பதினேழு வருசத்துக்கு அப்புறம் என்கிட்டப் பேசுன மொத வார்த்த சார் அது.

“நாந்தான்”னேன்.

வாசப்படியில அப்படியே உக்காந்துட்டா. சிரிக்காளா அழுதாளான்னு தெரியல, ரெண்டுந்தான். நானும் உக்காந்தேன். நடந்தத எல்லாம் சொன்னேன். கேட்டு முடிச்சுட்டு எந்திரிச்சு, போலீசுக்காரி மாதிரி என் சட்டப் பையத் தடவுதா, தோள்ப்பையத் தொறந்து பாக்கா. “பெட்டி சுத்துதா இப்ப?”ன்னா. இல்லைன்னேன். பெட்டியத் தொறந்து காட்டுன பொறவுதான் நம்பினா. பொறவு உள்ள கூட்டிட்டுப் போயிச் சோறு போட்டா. மொத வாயிலேயே, “அந்தக் கேசட்ட எங்க?”ன்னா. ஸ்கூட்டர் பெட்டியில இருந்து எண்பத்தெட்ட எடுத்துக் குடுத்தேன். ஊரு ஊராப் போட்டுக் காட்டுனத மட்டும் சொல்லல. அதச் சொல்லணும்னு அவசியம் இல்லைல்லா? பொய் இல்ல அது, சொல்லல, அம்புட்டுத்தான்.

அவ என்ன செஞ்சாங்கிய? ஒரு விரல உள்ள விட்டு, சரசரன்னு உருவுனா. நாடா பூராவும். ஒப்பாரி பூராவும். எனக்கு ஒவ்வொரு முழமும் குடலு உருவுத மாதிரி இருந்துது. ஒரு வார்த்த பேசணுமே நான்! சாம்பாரு ஊத்தச் சொன்னேன்.

மாப்பிள தவறிப் போன பொறவு அவ இங்க வந்துட்டா, ஆறு வருசமாச்சு. நாக்காலியில சாஞ்சுக்கிட்டு மேல காது குடுங்க சார். சரசரன்னு கேக்குதா? மொட்ட மாடியில வத்தல் காயுது. சுத்திவரக் கம்பு நட்டு, எண்பத்தெட்டக் கட்டி விட்டிருக்கா. வருசா வருசம் சுருட்டி வச்சு மறு வருசம் கட்டுதா. ஒரு காக்கா கிட்ட வராது. வேணும்னாப் போயிப் பாருங்க, ஆனா தொட்டுராதிய, அவளுக்கு இன்னும் அந்த முன்கோபம் உண்டு. மூணாவது அடி தெக்கு மூலையில இருக்கும்னு நினைக்கேன்.

இந்தா, காப்பி வந்துட்டு. இவதான் பேராச்சி. ஆமாம்மா, சென்னையில இருந்து வந்திருக்காவ, கேசட்ட எடுத்துட்டுப் போக. எங்க கதையத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். இல்லம்மா, பெட்டி எதுவும் சுத்தல. சார், அந்தச் செல்போனக் கொஞ்சம் கவுத்து வைங்க, அவ பாக்கா.

என்ன சார் கேட்டிய? வடிவு பாட்டா? ஞாபகம் இருக்கு. முப்பத்தாறு அடி, ஒண்ணு விடாம. டேப்புல எடுத்த இருநூத்திப் பன்னெண்டுல ஒண்ணு கூட எனக்கு மனப்பாடம் இல்ல, இது மட்டும் இருக்கு. பாடிக் காட்டணுமா? காலி கேசட்ட நெரப்பிரலாமா? மரியாதையாத்தான் கேக்கிய, புரியுது. ஆனா உசுருள்ள வீட்டுல முடியாது சார். பொணம் இல்லாம எனக்கும் வாயில வராது.

வேணும்னா ஒரு வழி இருக்கு. கொல்லையில முருங்க மரத்தடி நெழலா இருக்கும், சாக்கு விரிக்கேன். காப்பியக் குடிச்சுட்டு வந்து படுங்க. பேராச்சி கட்டு கட்டுவா, அவளுக்கு முறை எல்லாம் தெரியும். செல்போனு இங்ஙனயே இருக்கட்டும். ஒங்கள நான் தம்பி முறை வச்சு அழுதுருதேன், எனக்கு ஆட்சேபனை இல்ல. அதுக்கு மின்னாடி நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லணும், உண்மையச் சொல்லணும். ஒங்க கூடப்பொறந்தவுக யாரும் இருக்காவளா சார்? ஒங்ககிட்டப் பேசுதாவளா?